பதினொரு மாத்திரை எதற்கு?

முதியோர் இல்லங்களில் மருந்து கொடுப்பது பற்றித் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு முதியோர் நல மருத்துவரும் மருந்தாளுநரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

அம்மாவுக்கு 78 வயது. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. எனக்குப் பெங்களூருவில் வேலை என்பதால் மூன்று மாதம் முன்பு ஓசூர் பக்கம் ஓர் இல்லத்தில் சேர்த்தேன். சேரும்போது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். இப்போது பகலெல்லாம் தூங்குகிறார், எழுந்தால் தள்ளாடுகிறார், இரண்டு முறை விழுந்தும் விட்டார். கேட்டால் 'வயசாயிடுச்சு இல்லீங்களா' என்கிறார்கள். ஒரு நாளைக்குப் பதினொரு மாத்திரை. குறைக்க வழி உண்டா?
வாசகி, ஓசூர்

மூன்று மாதத்தில் வயது இப்படி ஆளைச் சாய்ப்பதில்லை. தெளிவாக இருந்தவர் சில வாரங்களில் மந்தமானால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். முதியவருக்குப் புதிதாக என்ன தொல்லை வந்தாலும், அவர் சாப்பிடும் மாத்திரைகளை முதலில் சந்தேகப்படுங்கள்.

இன்றே செய்ய வேண்டியவை இரண்டு. அம்மா தூங்கி வழியும் நேரத்திலேயே விரலில் குத்தி சுகர் பார்க்கச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் இது தாழ்சர்க்கரை. இளையவர்களுக்கு வருவது போல நடுக்கமும் படபடப்பும் முதியவர்களுக்கு வராமல் போகலாம். குழப்பம், தூக்கம், தள்ளாட்டம் மட்டுமே தெரியும். கிளிபென்கிளமைடு என்ற பழைய சுகர் மாத்திரை உடம்பில் வெகுநேரம் தங்குவதால், முதியவர்களுக்கு அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். கிளிமிபிரைடும் சாப்பாடு குறைந்த நாளில் இதே வேலையைக் காட்டும். வீட்டில் மூன்று வேளை சாப்பிட்டவர் இல்லத்தில் பாதி சாப்பிடுகிறார், மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே தொடர்கிறது என்றால் சுகர் இறங்கத்தான் செய்யும்.

அடுத்தது பிரஷர். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்ற ஒன்றாவது நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். நிற்கும்போது மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் விழுந்ததற்கு விடை கிடைத்துவிட்டது. உட்கார வைத்து மட்டும் பிரஷர் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

பிறகு ஒரு தாள் எடுத்து, அம்மா சாப்பிடும் எல்லாவற்றையும் அட்டையைப் பார்த்து எழுதுங்கள். கடைப்பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர், மில்லிகிராம், எந்த வேளை, யார் எப்போது ஆரம்பித்தார், எந்த நோய்க்கு என்று எழுதுங்கள். கடைசிக் கட்டம் எந்த மாத்திரைக்குக் காலியாக இருக்கிறதோ, அதைப் பற்றி டாக்டரிடம் முதலில் கேளுங்கள். இப்படி எழுதும்போதே ஒரே மருந்து இரண்டு பெயரில் ஓடுவது தெரிந்துவிடும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி பிரஷர், சுகர் மாத்திரை வருவது பெரிய உதவி. அரசு தரும் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை அட்டை ஒரு பக்கம், தனியார் டாக்டர் எழுதிய அம்லோடிபின் வேறு பெயரில் இன்னொரு பக்கம் என்று இரண்டையும் சாப்பிட்டுவிடக் கூடாது.

மாத்திரைகள் ஒன்றையொன்று எப்படி இழுத்து வருகின்றன என்பதற்கும் அம்லோடிபினையே எடுத்துக்கொள்ளலாம். சிலருக்கு, முக்கியமாக 10 மில்லிகிராம் சாப்பிடுபவர்களுக்கு, கணுக்கால் வீங்கும். வீக்கத்துக்கு நீர் மாத்திரை எழுதப்படும். அதனால் இரவில் நாலு முறை சிறுநீருக்கு எழுவார். தூக்கம் கெடுகிறது என்று அல்பிரசோலம் வரும். அந்த மயக்கத்தோடு பாத்ரூமுக்குப் போகும்போது விழுவார், இடுப்பு வலிக்கு இன்னொரு மாத்திரை சேரும். நாலு மாத்திரை சேர்ந்த இடத்தில், முதல் மாத்திரையின் அளவைக் குறைத்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும். உங்கள் தாளில் தேதி எழுதச் சொன்னது இந்தச் சங்கிலியைக் கண்டுபிடிக்கத்தான்.

தூக்க மாத்திரைகள், சளிக்கும் அரிப்புக்கும் தரும் குளோர்ஃபெனிரமின், ஃபெனிரமின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், கை நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் ஆகியவை பட்டியலில் இருந்தால் அடிக்கோடிடுங்கள். இவை வயதானவர்களுக்குக் குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, தள்ளாட்டம் தரக்கூடியவை. நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ரத்தத்தில் சோடியமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்கக் கேளுங்கள். சோடியம் இறங்கினாலும் இப்படித்தான் தூங்கி வழிவார்கள்.

நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். அல்பிரசோலம், வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலால், அட்டினோலால் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் ஆபத்து. டாக்டர் ஒரு நேரத்தில் ஒன்றைக் குறைப்பார், இரண்டு வாரம் பார்ப்பார், அடுத்ததைத் தொடுவார். அப்படிச் செய்தால்தான் எது காரணம் என்று தெரியும். சுகரை இளையவர்களைப் போல இறுக்கிப் பிடிக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். உடல் தளர்ந்தவர்களுக்குச் சுகரின் மூன்று மாத சராசரி (எச்.பி.ஏ1சி சோதனை) 8 சதவீதம் வரை இருந்தாலும் பரவாயில்லை என்று பல டாக்டர்கள் விட்டுவிடுவார்கள்.

எங்கள் இல்லத்தில் 22 பேர் இருக்கிறார்கள். பராமரிப்பாளர்கள் இரண்டு பேர்தான். மறுநாள் காலை மாத்திரைகளை முதல் நாள் ராத்திரியே பிரித்துச் சின்ன மூடிகளில் போட்டு வைத்துவிடுகிறோம். இது சரியா? வேறு எப்படிச் செய்வது?
இல்ல நிர்வாகி, காரிமங்கலம்

மூடிகளை நிறுத்திவிடுங்கள். அட்டையை விட்டு வெளியே வந்த வட்டமான வெள்ளை மாத்திரை எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு மூடி தட்டிவிட்டால் எல்லாமே ஊகம்தான். வலிப்புக்குத் தரும் சோடியம் வால்ப்ரோயேட் ஈரத்தை இழுத்து நசநசத்துப் போகும்.

ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்குங்கள். மூடியில் புகைப்படம், முழுப் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், கட்டில் எண், ஒவ்வாத மருந்து எதுவும் இருந்தால் சிவப்பு மையில் அதுவும் இருக்க வேண்டும். நம் பக்கம் ஒரே கூடத்தில் இரண்டு மாரியம்மா, மூன்று முனியம்மா இருப்பது சாதாரணம். 'மாரியம்மா!' என்று கூப்பிட்டால் காது கேட்காத இன்னொரு மாரியம்மாவும் 'ம்' என்பார். அதனால் 'நீங்கதானே மாரியம்மா?' என்று கேட்காதீர்கள், 'உங்க பேரு என்னங்கம்மா?' என்று கேளுங்கள். மறதி நோய் உள்ளவர்களுக்குப் படத்தைப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

டப்பாவுக்குள் மாத்திரை அட்டையிலேயே இருக்கட்டும். அட்டையைக் கத்தரிக்க நேர்ந்தால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதியிலிருந்து வெட்டாதீர்கள். அந்தத் துண்டைக் கடைசியாகப் பயன்படுத்துங்கள். டப்பாவோடு மாதத்துக்கு ஒரு அட்டவணைத் தாள் வேண்டும். இடப்பக்கம் மருந்து, அளவு, வேளை. வலப்பக்கம் 1 முதல் 31 வரை கட்டங்கள்.

கொடுக்கும் முறை இதுதான். கொடுப்பவர் ஒருவரே. அந்த நேரத்தில் அவர் போன் எடுக்க மாட்டார், வேறு யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடக் கூடாது. டப்பாவையும் தாளையும் கட்டிலருகே கொண்டுபோய், அட்டையின் பெயரைத் தாளோடு ஒப்பிட்டு, அங்கேயே பிதுக்கிக் கையில் கொடுத்து, அரை டம்ளர் தண்ணீரோடு விழுங்குவதைக் கண்ணால் பார்த்து, கன்னத்தில் ஒதுக்கவில்லையா என்றும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். 22 பேருக்கும் கொடுத்து முடித்துவிட்டு மொத்தமாகக் கையெழுத்துப் போடும் தாளுக்கு மதிப்பே இல்லை. மேஜையில் வைத்துவிட்டு வந்தால் மாத்திரை தலையணைக்கு அடியில் போகும். ஒரு வாரம் கழித்து நாலையும் சேர்த்து விழுங்கியவர்களும் உண்டு.

நேரம் போதாது என்பீர்கள். பொதுவாகக் காலை, மதியம், மாலை, இரவு என நாலு வேளை ஓடும். டாக்டர் அடுத்த முறை வரும்போது, ஒவ்வொருவருக்கும் இதைக் காலை, இரவு என இரண்டு வேளையாக்க முடியுமா என்று கேளுங்கள். பலருக்கு முடியும். மதியச் சுற்று குறைந்தாலே பாதி நெருக்கடி தீரும்.

எப்போது கொடுக்கக் கூடாது என்பதையும் தாளின் தலைப்பில் எழுதி வையுங்கள். ஆள் சாப்பிடவில்லை என்றால் சுகர் மாத்திரையும் இன்சுலினும் கொடுக்கும் முன் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். டிகாக்ஸின் என்ற இதய மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி நிமிடத்துக்கு 60-க்குக் கீழே இருந்தாலும் அதேதான். வாந்தி, பேதி, கடும் கோடை வெயிலில் தண்ணீர் இறங்காத நாள் என்றால் நீர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வழக்கம் போலத் தள்ளிவிடாமல் கேட்டுக் கொடுங்கள். ஒரு வேளை விட்டுப் போனால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்கவே கூடாது. விட்டுப் போனதை வட்டமிட்டுக் காரணத்தை எழுதுங்கள். தவறாகக் கொடுத்துவிட்டேன் என்று ஓர் ஆயா வந்து சொன்னால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தவறு உங்கள் காதுக்கே வராது, மருத்துவமனைக்குப் போன பிறகுதான் தெரியும்.

இறந்தவர், ஊருக்குப் போனவர் விட்டுச்சென்ற மாத்திரைகளை மற்றவருக்குத் திருப்பிவிடும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு விடுங்கள். மாத்திரை செலவு பெரிய பாரம் என்றால் முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் விலை குறைவு.

தாத்தாவுக்கு விழுங்க வரவில்லை. எல்லா மாத்திரையையும் அம்மியில் நுணுக்கி, ராகிக் களி உருண்டையில் வைத்துக் கொடுத்துவிடுகிறோம். களி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறது.
பராமரிப்பாளர், பென்னாகரம்

விழுங்க வரவில்லை என்பதே ஒரு நோய்க்குறி. பக்கவாதம், பார்க்கின்சன், வாய் உலர்ந்து போவது என்று காரணம் பல இருக்கலாம், அதை முதலில் காட்டுங்கள். களியை மெல்லாமல் விழுங்குவது நம் பழக்கம். தொண்டைத் தசை தளர்ந்தவருக்கு அந்த உருண்டை மூச்சுக்குழாய் வாயில் அடைத்தால் நிமிடங்களில் உயிர் போகும். தாத்தாவுக்குக் களி ஆசை என்றால் கெட்டியான கூழாக்கி ஸ்பூனில் கொடுங்கள். நேராக உட்கார வைத்து, தாடை கொஞ்சம் கீழே குனிந்த நிலையில் ஒரு ஸ்பூன், அது இறங்கிய பிறகு அடுத்த ஸ்பூன். முடித்ததும் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

எல்லா மாத்திரையையும் நுணுக்க முடியாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்., எக்ஸ்.எல்., ரிடார்ட் என்று இருந்தால் அது நாள் முழுக்கச் சிறிது சிறிதாகக் கரைய வேண்டியது. நுணுக்கினால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். பிரஷர் மாத்திரையானால் பிரஷர் சரிந்துவிடும். கேஸ் மாத்திரை என்று சொல்லும் பான்டோபிரசோல் வயிற்று அமிலத்தில் அழியாமலிருக்க மேலுறையோடு வருகிறது, நுணுக்கினால் வீண். மெத்தோட்ரெக்ஸேட், ஃபினாஸ்டரைடு இரண்டையும் நுணுக்கவே கூடாது. கர்ப்பமாக உள்ள பராமரிப்பாளர் அந்தத் தூளைத் தொடவும் கூடாது. பலவற்றுக்குச் சிரப், நீரில் கரையும் மாத்திரை என்று மாற்று உண்டு. பட்டியலைக் கொண்டுபோய் மருந்தாளுநரிடம் காட்டினால் எதை நுணுக்கலாம் என்று குறித்துத் தருவார். நுணுக்கக்கூடியதை மாத்திரை நுணுக்கும் சின்னக் கருவியில் தனித்தனியாக நுணுக்கி, ஒரு ஸ்பூன் கெட்டித் தயிரிலோ பிசைந்த வாழைப்பழத்திலோ உடனே கொடுங்கள். அம்மிக் குழியில் போன வேளை மருந்தும் மிளகாயும் தங்கியிருக்கும்.

தைராய்டு மாத்திரை இருந்தால் ராகியோடு சேர்க்காதீர்கள். ராகியில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அது தைராக்ஸினை உறிஞ்சவிடாது. விடிந்ததும் வெறும் தண்ணீரில் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கூழோ காபியோ கொடுக்கலாம். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

வாரம் ஒரு முறை சாப்பிடச் சொன்ன மாத்திரையை ஒரு பாட்டிக்குத் தினமும் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆபத்தா?
வாசகர், காவேரிப்பட்டணம்

மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் என்றால் உயிருக்கே ஆபத்து. வாய்ப்புண், காய்ச்சல், ரத்த அணுக்கள் சரிவு என்று வரும். தினமும் கொடுத்தது தெரிந்த உடனே, புண் வரும்வரை காத்திருக்காமல், பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அட்டவணையில் அந்தக் கிழமை வரும் கட்டங்களை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் கறுப்பு அடித்துவிடுங்கள். அட்டையை அலமாரியில் பூட்டி வைத்து, அந்தக் கிழமையில் மட்டும் ஒரு மாத்திரை எடுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட்டும் வாரம் ஒன்றுதான். அது வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு, பிறகு அரை மணி நேரம் படுக்காமல்.

இன்சுலின் ஊசிக்குச் சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி என்று இரண்டு வருகிறதே, எதை வாங்குவது?
வாசகி, கிருஷ்ணகிரி

புட்டியைப் பாருங்கள். அதில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று இருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் என்றால் ஆரஞ்சு மூடி. மாறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். டாக்டர் எழுதியது 20 யூனிட். 100 யூனிட் புட்டியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். ஆளே எழுந்திருக்க மாட்டார். திருப்பி மாறினால் 20-க்குப் பதில் 8 யூனிட்தான் போகும், சுகர் 400 ஏறும், டாக்டர் அளவைக் கூட்டுவார், அடுத்த வாரம் சரியான சிரிஞ்ச் கிடைத்ததும் சரிந்து விழுவார். இன்சுலின் பேனாவுக்கான குப்பியிலிருந்து சிரிஞ்சால் இழுக்கவே கூடாது. இல்லம் முழுக்க ஒரே வகைப் புட்டி, ஒரே நிற மூடி என்று வைத்துக்கொள்வது நல்லது.

கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டுங்கள். சாப்பாடு தட்டில் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு ஊசி போடுங்கள். பிரித்த புட்டியில் தேதி எழுதி 28 நாளில் தூக்கிப் போடுங்கள். ஃப்ரிட்ஜில் கதவுப் பக்கம் வைக்கலாம், உறைபெட்டி அருகே கூடாது. உறைந்த இன்சுலின் இளகினாலும் பயன்படாது.

சுகர் இறங்கிவிட்டால், ஆள் நினைவோடு விழுங்குகிறார் என்றால், மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். 70-க்கு மேல் வராவிட்டால் இன்னொரு முறை. வந்த பிறகு இட்லியோ கஞ்சியோ கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்பாவுக்கு முதுகு, முட்டி எல்லாம் விறைத்துப் போய் வலி. இல்லத்தில் தினம் ஒரு வலி மாத்திரை தருகிறார்கள். உறவினர் ஒருவர் வாதப் பொடி வாங்கிக் கொடுத்தார், அதில் அற்புதமாகக் கேட்கிறது. தொடரலாமா?
வாசகர், அரூர்

நம் இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைப் பல்லாண்டு குடித்தவர்களுக்குப் பல்லில் கறை, பிறகு முதுகும் கழுத்தும் விறைப்பு வரும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது, ஆனால் அதற்கு முன் குடித்த நாற்பது ஐம்பது வருடத் தண்ணீர் இன்றைய எழுபது வயதுக்காரர்களின் எலும்பில் இருக்கிறது. அதனால் இங்குள்ள இல்லங்களில் வலி மாத்திரை அதிகம் ஓடுகிறது. இல்லத்தில் இன்னும் போர் தண்ணீர்தான் என்றால் சோதித்துப் பாருங்கள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்றவற்றைத் தினமும் கொடுப்பது சரியல்ல. அப்பா டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிட்டால், கூடவே இந்த வலி மாத்திரை சேரும்போது சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி. வெயில் காலத்தில் தண்ணீர் குறைந்தால் ஒரு வாரத்திலேயே சிறுநீரகம் மடங்கிவிடலாம். ஆஸ்பிரினும் உண்டென்றால் குடலில் ரத்தக்கசிவு. மலம் தார் போலக் கறுத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பாரசிட்டமால் 500 மில்லிகிராம் நாளுக்கு நாலு வேளை வரை, வெந்நீர் ஒத்தடம், மேலே பூசும் களிம்பு, பிசியோதெரபி என்று போகலாம். சளி மாத்திரைக்குள்ளும் பாரசிட்டமால் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

லேபிள் இல்லாத பொடி இரண்டு நாளில் அற்புதமாகக் கேட்டால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. முகம் உப்பினாலோ, தோல் மெலிந்து நீலத் திட்டு வந்தாலோ, சுகர் எகிறினாலோ சந்தேகம் பலமாகும். பல வாரம் சாப்பிட்டுவிட்டார் என்றால் வீட்டில் நிறுத்தாமல் பொடியையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். திடீரென்று நிறுத்தினால் பிரஷர் விழுந்து மயங்கிவிடுவார். அரசு பதிவு பெற்ற சித்த மருத்துவர் கைப்பட எழுதித் தந்தது வேறு விஷயம், அதையும் பட்டியலில் சேர்த்து எழுதுங்கள்.

ராத்திரியில் ஒருவர் கத்திக்கொண்டே இருக்கிறார். மற்றவர்களுக்குத் தூக்கம் போகிறது. தூக்க மாத்திரையைக் கூட்டலாமா?
வார்டன், தேன்கனிக்கோட்டை

முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் அடைத்திருந்தால் அங்கே கெட்டியாக இருக்கும். மலம் போய் எத்தனை நாளாயிற்று, சிறுநீரில் எரிச்சலோ காய்ச்சலோ உண்டா, எங்காவது வலிக்கிறதா, கண்ணாடியும் காது கருவியும் எங்கே, கூடம் கும்மிருட்டாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சொல்லத் தெரியாதவர் கத்தித்தான் சொல்கிறார். திடீரென்று இரண்டு மூன்று நாளில் ஆரம்பித்த குழப்பம் என்றால் அது மருத்துவ அவசரம். மறதி நோயாளிகளுக்குக் குவெட்டியபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மாத்திரைகள் பக்கவாத ஆபத்தைக் கூட்டும். மரணத்தையும் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதல் இரண்டு போன்ற புதிய மருந்துகளுக்கு 2005-லும், ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கு 2008-லும் எச்சரித்தது. வேறு வழியே இல்லாதபோது டாக்டர் மிகக் குறைந்த அளவில், எப்போது நிறுத்துவது என்றும் சொல்லித் தரலாம். ஆளை அமைதியாக வைப்பதற்காக வார்டனோ ஆயாவோ கூட்டிக் கொடுப்பது ஆளைக் கட்டிப் போடுவதுதான். உறவினர்கள் இப்படி நடப்பதாகச் சந்தேகப்பட்டால் 14567 முதியோர் உதவி எண்ணிலோ மாவட்டச் சமூக நல அலுவலகத்திலோ சொல்லலாம்.

கண் சொட்டு மருந்து இரண்டு உண்டு. சேர்த்தே விடலாமா?
வாசகி, ஊத்தங்கரை

ஐந்து நிமிட இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். ஒரு சொட்டு போதும். விட்டதும் கண்ணை மூடி மூக்கோரக் கண் மூலையை ஒரு நிமிடம் விரலால் அழுத்துங்கள். கண் அழுத்தத்துக்குத் தரும் டிமோலால் சொட்டு மூக்கு வழியாக ரத்தத்தில் சேர்ந்து நாடியைக் குறைக்கும், ஆஸ்துமாவைக் கிளப்பும். ஆஸ்துமா உண்டென்றால் கண் டாக்டரிடம் சொல்லியாயிற்றா என்று பாருங்கள். பிரித்த புட்டி நாலு வாரம்தான்.

பெரியம்மா பத்து நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு இல்லத்துக்குத் திரும்புகிறார். என்ன கவனிக்க வேண்டும்?
வாசகர், பாலக்கோடு

தவறுகள் அதிகம் நடப்பது இந்த முதல் வாரத்தில்தான். கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் சீட்டை வைத்துக்கொண்டு நாலு கேள்வி கேளுங்கள்: புதிதாகச் சேர்ந்தது எது, நிறுத்தியது எது, அளவு மாறியது எது, எத்தனை நாளைக்கு? ஆண்டிபயாடிக், வலி மாத்திரை, வயிற்றுப்புண் மாத்திரை மூன்றுக்கும் முடியும் தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டால் அவை வருடக்கணக்கில் ஓடும். இல்லத்துக்கு வந்ததும் பழைய அட்டவணையில் குறுக்கே கோடு போட்டுவிட்டுப் புதிய தாள் எழுதுங்கள். பழைய தாளில் திருத்தி எழுதாதீர்கள். நிறுத்திய மாத்திரைகளை அன்றைக்கே டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க அசினோகோமரால் அல்லது வார்ஃபரின் எழுதியிருந்தால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் அடுத்த ஐ.என்.ஆர். சோதனை எந்தத் தேதியில் என்பதைப் பெரிய எழுத்தில் தாளின் தலையில் எழுதுங்கள். மூன்றாவது நாள் பிரஷரும் சுகரும் பார்த்து, அந்த எண்களை டாக்டரிடம் போனில் சொல்லுங்கள்.